நரசீபுரம் பகுதியிலிருந்து கோவை ரயில் நிலையத்துக்கு அதிகாலைப் பேருந்து கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
நரசீபுரம், விராலியூர் பகுதிப் பொதுமக்கள்,
தொண்டாமுத்தூர் வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து அதிகாரி அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: நின்றுபோன நைட் ஹால்ட் பேருந்தை மீண்டும் இயக்கி, ரயில் நிலையம் வழியாக விடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை டெப்போவில் நேரில் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். சரியான பதில் இல்லை. அதனால் தங்களிடம் வருகிறோம். இந்தப் பக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. தொண்டாமுத்தூரைத் தாண்டினால் மலையடிவாரம் வரை தோட்டங்கள்தான். பாதிக் குடும்பங்கள் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருக்கின்றன.

1. கோவையிலிருந்து கிளம்பும் முக்கியமான பகல் ரயில்கள் விடிகாலையிலேயே போய்விடுகின்றன. முதலில் பெங்களூரு டபுள் டெக்கர், அப்புறம் 6 மணிக்குச் சென்னை வந்தே பாரத், அதன் பின்னாலேயே இன்டர்சிட்டி. வந்தே பாரத் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்களுக்கு இன்டர்சிட்டிதான். செகண்ட் சிட்டிங்கில் உட்கார்ந்தால் திருப்பூர், ஈரோடு, சேலம், காட்பாடி என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம்.

2. முன்பு இரவு இங்கே தங்கி, விடியுமுன் கிளம்பும் நைட் ஹால்ட் வண்டி ஒன்று இருந்தது. டிரைவர் இல்லை என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். இப்போது முதல் பேருந்து ஊருக்குள் வரும்போது, அங்கே இன்டர்சிட்டி கிளம்பியிருக்கும்.

3. இந்தப் புள்ளியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இன்டர்சிட்டியைப் பிடிக்க வேண்டுமானால் ஐந்தரைக்காவது நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் நாலேகாலுக்கு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் இந்தச் சாலையில் என்ன நடமாடும் என்று தங்களுக்குத் தெரியும். இரவில் வாழைக்கும் மக்காச்சோளத்துக்கும் இறங்கிய யானைகள் காட்டுக்குத் திரும்புகிற நேரம் அது. இருட்டில் டூவீலரில் போகாதீர்கள் என்று வனத்துறையினரே சொல்கிறார்கள். சரி, போகவில்லை. வேறு எதில் போவது?

ஊர் சார்பாக இதை எழுதும் என் தாயாருக்கு வேலூரில் இதய சிகிச்சை நடக்கிறது. மறுநாள் காலையில் டாக்டரைப் பார்க்க முந்தின நாள் இன்டர்சிட்டியில் வேலூருக்குப் பக்கத்து நிலையமான காட்பாடி போய்ச் சேர வேண்டும். அவரால் மூச்சு வாங்காமல் நாலு எட்டுகூட நடக்க முடியாது. அவரை வண்டியின் பின்னால் உட்கார வைத்து, மடியில் மருந்துப் பையையும் ஸ்கேன் கவரையும் கொடுத்து, ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு பக்கத் தோப்பையும் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். ஓரத்தில் வாழைமட்டை அசைந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இன்ஜினை அணைப்பதா, திருப்புவதா என்று புரியாது. பின்னால் அம்மா என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இதயம் பலவீனமானவரை இதய டாக்டரிடம் கூட்டிப்போகும் வழி இதுதானா, ஐயா? யானையின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அது அதன் வழியில் போகிறது. எங்களுக்குத்தான் வழி இல்லை.

கால் டாக்ஸி இருக்கிறதே என்று டெப்போவில் ஒருவர் சொன்னார். ஆப்பில் போட்டால் வடவள்ளியைத் தாண்டி வர மாட்டேன் என்று ரத்து செய்கிறார்கள். வருகிறவர் கேட்கும் வாடகை இரண்டு பேரின் ரயில் டிக்கெட்டைவிட அதிகம். அதனால் பலர் முந்தின நாள் கடைசிப் பேருந்திலேயே போய், நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். நோயாளிகளும்தான்.

4. பகலில் கிடைக்கிற பேருந்தும் காந்திபுரத்தில்தான் கொண்டுபோய் விடும். அங்கே மூட்டையோடு இறங்கி இன்னொரு பேருந்து ஏற வேண்டும்.

5. என் தங்கை சென்னை ஆலந்தூரில் இருக்கிறாள். ஊருக்கு வர காலை 6.10 கோவை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும் என்றால் அவளுக்குக் கவலையே இல்லை. 5 மணிக்கு மெட்ரோ ஓட ஆரம்பிக்கிறது. சென்ட்ரலில் பூமிக்கு அடியில் இறங்கி, மேலே ஏறினால் ரயில் நிலையம். முந்தின நாள் இரவு போனில் நேரத்தைப் பார்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். இங்கேயும் மெட்ரோ வரும் என்றார்கள், அது அவினாசி சாலைக்கும் சத்தி சாலைக்கும்தான். 2025இல் அவினாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலமும் திறந்தார்கள். வரட்டும், சந்தோஷம். மேற்குப் பக்கத்துக்கு நாங்கள் கேட்பது பழைய டவுன் பஸ் ஒன்றுதான், ஐயா.

6. 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். பஸ் வந்தால்தானே ஏறுவார்கள்?

7. டெப்போவில் கேட்டால், டிரைவர் இல்லை, கலெக்‌ஷன் வராது, அடுத்த மாசம் பார்க்கலாமுங்க. இதையே எத்தனை காலம் கேட்பது? ரயில் போன பிறகு கன்ஃபர்ம் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. தவறிய டாக்டர் தேதி அடுத்து எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பஸ்ஸின் கலெக்‌ஷனை எண்ணுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைவிட மெதுவாகச் சொல்லி ஆயிற்று.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து, நைட் ஹால்ட் பேருந்தை மறுபடியும் விட வேண்டும். சென்னையிலிருந்து வரும் இன்டர்சிட்டி இரவு 10 மணிக்கு மேல் கோவை சேர்கிறது. அதில் வருகிறவர்களை நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வண்டி இங்கே வந்து தங்கட்டும். காலை 4.15க்குக் கிளம்பி, தொண்டாமுத்தூர், வடவள்ளி, லாலி ரோடு வழியாக நேராக ரயில் நிலையம் போய், அப்புறம் உக்கடம் போகட்டும். ஒரே வண்டி இரண்டு வேலையும் பார்க்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படுக்க இடமும் இரவுச் சாப்பாடும் ஊர் பார்த்துக்கொள்ளும். அதற்கு யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் முடியாது என்றால் வாரத்தில் சில நாட்களாவது விடுங்கள். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ப டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். அந்தப் பேருந்தை விடும்படி மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நரசீபுரம், விராலியூர் பகுதிப் பொதுமக்கள் சார்பாக.

இணைப்பு: ஊரார் கையெழுத்துப் பட்டியல், முன்பு கொடுத்த மனுக்களின் நகல்.