2025-26 ஆண்டறிக்கை: குரூப் பி ராலி கார்களுக்கு ஒதுக்கிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், கணபதி பட்டறை மாடிக்கு நேரத்தோடு வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எடுத்த தீர்மானம் நினைவிருக்கும். மாதக் கூட்டத்தில் ஆளுக்கொரு வண்டியைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவதை நிறுத்தி, ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். உலக ராலிப் போட்டியில் ஓடிய குரூப் பி பிரிவுக் கார்களின் கடைசி ஆண்டு 1986. 2026 வந்தால் 40 ஆண்டு. அதனால் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தகராறு வரவில்லை. தகராறெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோவைக்காரர்களுக்கு ராலியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தென்னிந்திய ராலியில் ஜி.ஆர். கார்த்திகேயன் ஓட்டியதை நேரில் பார்த்த பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் குரூப் பி வேறு உலகம். நம் ரோட்டில் அம்பாசடரும் பத்மினியும் ஓடி, மாருதி 800 புதுசாகப் பளபளத்த அதே ஆண்டுகளில், பின்லாந்துக் காட்டுப் பாதையிலும் கோர்சிகா மலைவளைவுகளிலும் 500 குதிரைத்திறனை நெருங்கிய வண்டிகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயின. நம்மில் அநேகமாக எல்லாரும் அவற்றைப் படத்தில் பார்த்தவர்கள்தான்.

முதல் கூட்டத்தை விதிப் புத்தகத்துக்கு ஒதுக்கினோம். விதியா, போரடிக்கும் என்று முணுமுணுத்தவர்கள்தான் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. 1982-இல் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான ஃபீசா கொண்டுவந்த பிரிவு இது. முன்பிருந்த குரூப் 4-இல் 400 கார் தயாரித்தாக வேண்டும். குரூப் பி-க்கு 200 போதும். அதற்கு மேல் 20 கார் மட்டும் கட்டி, மேம்படுத்திய மாடலாகப் பதிவு செய்துகொள்ளலாம். கடைக்கு வரும் காரைத் திருத்தி ராலிக்கு அனுப்பிய காலம் போய், ராலிக்காகவே ஒரு காரை வரைந்து, கணக்குக் காட்ட 200 செய்யும் காலம் வந்தது. அந்த 200-ஐயும் முழுசாகச் செய்தார்களா என்பதில் நிறையக் கதை உண்டு. லான்சியா ஆட்கள் இருந்த கார்களை ஒரு மைதானத்தில் எண்ணிக் காட்டிவிட்டு, அதிகாரிகளுக்கு நீளமான மதிய விருந்து போட்டு, அந்த நேரத்தில் அதே கார்களை இன்னொரு மைதானத்துக்கு ஓட்டிப்போனார்கள் என்று ஒரு கதை. கேட்க ருசியாக இருக்கிறது. நம் அறிக்கையில் கதை என்ற அளவில் மட்டும் இருக்கட்டும்.

விதியில் சுவாரசியமான இடம் எடைக் கணக்கு. இன்ஜின் சி.சி. எவ்வளவோ அதற்கேற்பக் குறைந்தபட்ச எடை. டர்போ இருந்தால் சி.சி.யை 1.4 ஆல் பெருக்க வேண்டும். லேத் பட்டறை அண்ணன் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஆடி குவாட்ரோ 2144 சி.சி. பெருக்கினால் 3001.6. 3000-ஐத் தாண்டியது ஒண்ணே முக்கால் சி.சி.கூட இல்லை, அதற்காக வண்டி அதிக எடை வேண்டிய மேல் வகுப்புக்குப் போய்விடும்! ஸ்போர்ட் குவாட்ரோ வந்தபோது ஆடி இன்ஜினை 2133 ஆகக் குறைத்தது. இப்போது 2986, உள்ளே வந்தாச்சு. பெஜோ 205 டி16-க்கு 1775 எதற்கு, லான்சியா டெல்டா எஸ்4-க்கு 1759 எதற்கு என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த இளைஞர்கள் அவர்களாகவே போன் கால்குலேட்டரை எடுத்தார்கள். இரண்டும் 2500-க்குள் அடங்குகின்றன. அன்றைக்கு விழுந்த கைதட்டல் வேறெந்தக் கூட்டத்திலும் விழவில்லை.

அப்புறம் சூப்பர்சார்ஜர். லான்சியா 037-இல் இருந்தது அபார்த் நிறுவனத்தின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். படத்தில் எவ்வளவு விளக்கினாலும் பாதிப்பேருக்குப் பிடிபடவில்லை. அண்ணன் பேசாமல் எழுந்து போனார். அடுத்த மாதம் அலுமினியத்தில் இரண்டு ரோட்டரை மில்லிங் செய்து, ஒன்றோடொன்று உரசாமல் சுற்றுமாறு பல்சக்கரம் பூட்டி, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, கைப்பிடியோடு கொண்டுவந்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பக்கத்துக் காற்று ரோட்டரின் இடுக்கில் மாட்டிக்கொண்டு சுவரோரமாகவே நகர்ந்து மறுபக்கம் வெளியேறுகிறது. காற்று வெளியேறும் துளையருகே வைத்த டிஷ்யூ பேப்பர் முதல் சுற்றிலேயே படபடத்தது. இன்ஜின் சுற்றினால் இதுவும் சுற்றும், அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே காற்று கிடைக்கும். டர்போ அப்படியல்ல, புகை வந்து சக்கரத்தைத் தள்ளும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்4-இல் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். கீழ் ஆர்.பி.எம்.மில் சூப்பர்சார்ஜர், மேலே போனால் டர்போ. இதை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அந்தப் பெட்டியைச் சங்கச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். அண்ணன் பணம் வாங்க மறுத்துவிட்டார். அலுமினியத்துக்காவது வாங்கிக்கொள்ளும்படி இந்தப் பொதுக்குழு அவரை வற்புறுத்த வேண்டும்.

காருக்கொரு கூட்டம் என்ற திட்டத்தில் 037-க்கும் குவாட்ரோவுக்கும் ஒரே நாள் கொடுத்தோம், அவை இரண்டும் சேர்ந்தே பேச வேண்டியவை என்பதால். குவாட்ரோவோடு நான்கு சக்கர இழுவை வந்த பிறகு பின்சக்கர வண்டிக்கு வேலையில்லை என்று எல்லாரும் சொன்ன 1983-இல் லான்சியா பின்சக்கர 037-ஐ வைத்து உலக ராலித் தயாரிப்பாளர் பட்டத்தை எடுத்தது. பின்சக்கர இழுவைக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வாங்கியது அதுவே கடைசி. ஓட்டுநர் பட்டம் மட்டும் ஆடியில் ஓட்டிய ஹன்னு மிக்கோலாவுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஸ்டிக் ப்ளூம்க்விஸ்ட், அதுவும் ஆடி. பிறகு பெஜோவின் காலம்: 1985-இல் டிமோ சலோனென், 1986-இல் யூஹா கங்குனென். 1986 பட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலியின் சான்ரெமோ ராலியில் பெஜோ கார்களைப் பாதியில் வெளியேற்றினார்கள். சீசன் முடிந்த பிறகு அந்த ராலியின் முடிவுகளையே ஃபீசா ரத்து செய்தது. அந்த ராலியை வென்று, அதுவரை 11 நாள் உலக சாம்பியனாக இருந்த லான்சியா ஓட்டுநர் மார்க்கு அலென் பாவம், வெறுங்கையோடு நின்றார். அலென் ரசிகர்கள் இருவர் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இதைப் பேசும்போது கவனமாக இருங்கள்.

ஆடியின் ஐந்து சிலிண்டர் சத்தத்துக்கென்று ஒரு மாலை போனது. விளக்கை அணைத்து ஸ்பீக்கரில் போட்டோம். 1-2-4-5-3 என்ற எரியூட்டு வரிசையில் வரும் அந்த உறுமலை மற்ற கார்களின் சத்தத்தோடு கலந்து போட்டு, எது ஆடி என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். யாரும் தவறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னதால் இனி ஏழரை மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது.

குடும்பத்தோடு வந்த கூட்டம் மிஷேல் மூட்டோனைப் பற்றியது. 1981-இல் சான்ரெமோவை வென்று, உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒரு சுற்றை வென்ற முதல் பெண் ஆனார். 1982-இல் போர்ச்சுகல், கிரீஸின் அக்ரோபோலிஸ், பிரேசில் ராலிகள் மூன்றையும் வென்று, பட்டத்துக்கு வால்டர் ரோலோடு நேருக்கு நேர் நின்றார். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நேரத்தில் அவருடைய அப்பா இறந்த செய்தி வந்தது. அப்படியும் ஓட்டினார், முன்னணியிலும் இருந்தார், கடைசியில் வண்டி கவிழ்ந்து விலக நேர்ந்தது. பட்டம் ரோலுக்குப் போனது. பக்கத்து இருக்கையில் வழி சொன்ன ஃபாப்ரிட்சியா பொன்ஸும் பெண். இதைக் கேட்டுவிட்டு என் வீட்டம்மா கேட்டது: "உங்க செயற்குழுவில் எத்தனை பொம்பளைங்க?" பதில் எல்லாருக்கும் தெரியும். இன்றைய தேர்தலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கா பற்றிய கூட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. கென்யாவின் சஃபாரி ராலியை ஐந்து முறை வென்ற, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் சேகர் மேத்தாவில் தொடங்கினோம். 1973-இலும் 1979 முதல் 1982 வரை தொடர்ச்சியாகவும் வென்றவர். அவருக்குப் பின் வந்த குரூப் பி ஆண்டுகளில், சஃபாரியில் ஐரோப்பிய நான்கு சக்கர இழுவை அசுரர்கள் எதுவும் எடுபடவில்லை. 1984, 85, 86 மூன்றையும் டொயோட்டா செலிகாவின் பின்சக்கர டர்போ கார் எடுத்துக்கொண்டது. முதலும் கடைசியும் பியோர்ன் வால்டகோர்ட், நடுவில் கங்குனென். பவர் பவர் என்று பேசுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம் என்பது செயலாளரின் சொந்தக் கருத்து.

சிட்ரோயன் பிஎக்ஸ் 4டிசி-க்கு நேரம் ஒதுக்கக் கூடாது என்று ஒரு தரப்பு கடுமையாக எதிர்த்தது. நீள மூக்கு, மூக்குக்குள் முன்தள்ளி உட்கார்ந்த இன்ஜின், பழைய சிட்ரோயன் எஸ்எம் காரின் கியர்பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்கு இடையே சக்தியைப் பங்கிடும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. 1986-இல் சுவீடனில் ஆறாவது வந்ததுதான் அதன் பெருமை. விற்ற கார்களைக் கம்பெனியே திரும்ப வாங்கி நொறுக்கியது. ஆனாலும் அதற்கு நம்மிடையே ஒரு தீவிர பக்தர் இருக்கிறார். தோற்ற காரில்தான் விதி எப்படி வேலை செய்தது என்று தெளிவாகத் தெரியும் என்பது அவர் வாதம். அவருக்கு இருபது நிமிடம் கொடுத்தோம், முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் படிக்கும் உறுப்பினர் மகன் ஒருவர் கேடன் மோட்டார் மியூசியத்துக்குப் போய் மெட்ரோ 6ஆர்4 படங்கள் அனுப்பினார். டர்போவே இல்லாமல் மூன்று லிட்டர் வி6-ஐச் சீட்டுக்குப் பின்னால் வைத்த கார் அது. 1985-இல் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் டோனி பாண்ட் அதில் மூன்றாவது வந்தார். அந்த இன்ஜின் வம்சம் பின்னாளில் ஜாகுவார் எக்ஸ்ஜே220-க்குள் போனது.

இனி, ஆண்டின் நடுவில் வந்த பிரச்சினை. கண்காட்சிக்குத் திரையில் ஓட்ட வீடியோ தொகுக்கும் பொறுப்பை இளைஞர் அணி எடுத்துக்கொண்டது. அவர்கள் கொண்டுவந்ததில் பாதி விபத்துக் காட்சி. எதிர்ப்பு கிளம்பியது. தனிக் கூட்டமே போட்டோம்.

நடந்ததை அன்று வரிசையாக வாசித்தேன். 1985 மே 2, கோர்சிகா ராலி, லான்சியா 037 மரத்தில் மோதி அட்டிலியோ பெட்டேகா இறந்தார். 1986 மார்ச், போர்ச்சுகல், சின்ட்ரா பக்கம். ரோட்டின் இரு மருங்கும் ஜனம், கார் வரும் கடைசி நொடியில் விலகுவதை வீரமாக நினைத்த ஜனம். ஜோவாகிம் சாண்டோஸ் ஓட்டிய ஃபோர்டு ஆர்எஸ்200 கூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், 30-க்கும் மேல் காயம். முன்னணி ஓட்டுநர்கள் சேர்ந்து ராலியிலிருந்து விலகினார்கள். ஆடி அதோடு போட்டியிலிருந்தே வெளியேறியது. அதே ஆண்டு மே 2, மறுபடி கோர்சிகா. முன்னணியில் இருந்த ஹென்ரி டொய்வோனெனின் எஸ்4 ஒரு இடதுபக்க வளைவில் பாதையை விட்டுப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. எரிபொருள் டாங்க் சீட்டுக்கு அடியில். டொய்வோனெனும் வழிகாட்டி செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். சில மணி நேரத்திலேயே ஃபீசா தலைவர் ஷான்-மரி பலேஸ்த்ர், 1987 முதல் குரூப் பி கிடையாது என்று அறிவித்தார்.

வாசித்து முடித்ததும் இளைஞர் அணியே எழுந்து விபத்துக் காட்சிகளை எடுத்துவிடுவதாகச் சொன்னது. ஆனால் விபத்துகளை மறைக்கவும் கூடாது என்று பெரியவர் ஒருவர் சொன்னார், அதுவும் சரி. கண்காட்சியில் இறந்தவர்களின் பெயரும் தேதியும் இடமும் ஒரு தனிப் பலகையில் எழுதி வைத்தோம். படம் இல்லை. இது இனி சங்கத்தின் நிலையான நடைமுறை.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. போர்ச்சுகலின் ‘எஸ்டோரில்’ என்ற பந்தயத்தடத்தில் டொய்வோனென் எஸ்4-ஐ ஓட்டி எடுத்த நேரம் ஃபார்முலா ஒன் வரிசையில் ஆறாவது இடத்துக்குப் போதுமானது என்று எல்லா இடத்திலும் ஒரு கதை உலாவுகிறது. ஆதாரம் கேட்டால் யாரும் காட்டுவதில்லை. நம் விளக்கச் சீட்டுகளில் அதைப் போடவில்லை. இரண்டு பேர் இன்னும் என்னோடு கோபமாக இருக்கிறார்கள்.

கண்காட்சியின் நடுநாயகம் நம் மாடல் குழு கட்டிய 1/24 அளவு கார்கள். வந்த பெட்டிகளில் ஒன்று நசுங்கி வந்து, முன் கண்ணாடி விரிசல். அனுப்பியவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஜப்பானிய மாடல் கம்பெனி ஹசேகாவாவின் 037-க்கு, லான்சியா அணியின் விளம்பரதாரரான மார்டினியின் கோடுகள் ஒட்டிய உறுப்பினர் மூன்று ஞாயிறு குனிந்தே இருந்தார். கருநீலம், வெளிர்நீலம், சிவப்பு மூன்றும் பக்கவாட்டில் வளைந்து, கதவு இடுக்கில் அறுபடாமல் போக வேண்டும். டெக்கால் என்ற ஒட்டுப்படத்தை ஒட்டிய பிறகு புது பிளேடால் இடுக்கை மட்டும் கீறி, பிரஷ்ஷால் ஓரத்தை உள்ளே மடித்துவிட்டார். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று நாள் முழுக்க அவர் அதன் அருகிலேயே நின்றார். அடுத்த ஆண்டு கண்ணாடி அலமாரி வாங்கியே ஆக வேண்டும்.

புது உறுப்பினர்கள் பெரும்பாலும் வீடியோ கேம் வழியாக வந்த கல்லூரி மாணவர்கள். எஸ்4-இல் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று சொல்கிறார்கள், ஸ்பானர் பிடிக்கத் தெரியவில்லை. அண்ணன் சனிக்கிழமை மாலைகளில் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலகத்தில் இரவல் போன புத்தகங்கள் பல திரும்பி வரவில்லை. யார் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது, பெயர் வாசிக்கப்போவதில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் பொருள், குரூப் பி போன பிறகு முதலிடத்துக்கு வந்த குரூப் ஏ: ஓராண்டில் 5000 கார் தயாரித்தால்தான் உள்ளே வர முடியும் என்றிருந்த விதி, அதில் லான்சியா டெல்டா கோலோச்சிய விதம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாக்கெடுப்புக்கு முன் எழுந்து சொல்லலாம். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை என்பதால், கீழே பொருளாளர் மேஜையில் கட்டிவிட்டு வாருங்கள். மதியம் அரிசிம்பருப்பு சாதம், முடிந்ததும் தேர்தல்.

இப்படிக்கு,
செயலாளர்