மரபணு மாற்றமெல்லாம் பரம்பரை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சாப்பாடு, புகையிலை, மது பற்றியெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் 'இந்நோய்க்கு அடிப்படைக் காரணம் மரபணு மாற்றமே' என்று ஒரு வரி எழுதிவிட்டு, விளக்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மரபணு என்ற சொல்லுக்குள்ளேயே மரபு இருக்கிறது. படிக்கிறவருக்கு அது வழிவழியாக வருவது என்றுதான் படும். அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்திய எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் குடும்பத்தை அது படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

என் அக்கா சோழவந்தானில் இருக்கிறார். வயது 71. போன வருடம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று எட்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏன் குறைகிறது, எங்கே போகிறது என்று யாரும் தேடவில்லை. பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே மலத்தோடு கலந்து போகும். இந்த வயதில் காரணம் தெரியாத ரத்தசோகை என்றால் குடலைப் பார்த்தாக வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. கட்டியில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற இரண்டு புரதங்கள் இல்லை, மரபணு ஆலோசனை பெறவும் என்று போட்டிருந்தது. கையில் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை விளக்கவில்லை. அக்காவின் மருமகள் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு 'பரம்பரை நோயாம்' என்றார். பேத்திக்கு அப்போது வரன் முடிவாகி, பூ வைக்க நாள் குறித்திருந்தது. பேச்சு எப்படியோ வெளியே போய், அந்த வீட்டிலிருந்து போன் வருவது நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வந்தது வந்துட்டுப் போகட்டும்டா தம்பி, பிள்ளைகளுக்கும் வந்துருமாடா?" என்று கேட்டார். பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பதிலைத் தேடி நான் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு செல் இரண்டாகும்போது அதிலுள்ள சுமார் 600 கோடி டி.என்.ஏ. எழுத்துகளையும் படி எடுக்க வேண்டும். படி எடுத்தால் பிழை வரும். அந்தப் பிழைகளைத் திருத்துவதற்கென்றே செல்லுக்குள் சில புரதங்கள் இருக்கின்றன. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நாலும் அந்த வேலை பார்ப்பவை. திருத்துகிற ஆள் இல்லாத அச்சகத்தில் பிழை எப்படிப் பெருகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

திருத்துகிற ஆள் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ பழுதான மரபணு வந்திருக்கலாம். இதுதான் லிஞ்ச் சிண்ட்ரோம். இது பரம்பரைதான், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் போய்ச்சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இன்னொரு காரணத்தில் மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சின்ன வேதிக்கூறு, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்தான், வரிசையாக ஒட்டிக்கொண்டு அந்த மரபணுவை வேலை செய்யவிடாமல் அமுக்கிவிடும். இதைத்தான் எபிஜெனெடிக் மாற்றம் என்கிறார்கள். வயதாக ஆகக் குடலின் ஏதோ ஒரு செல்லில் இது நேர்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார். நகத்தால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவார். சாயத்தில் முக்கி எடுத்தால் முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறியிருக்காது. நெசவில் ஒரு இழையும் மாறவில்லை, முடிச்சுதான் சாயத்தைத் தடுத்தது. மெத்தில் செய்வதும் அதே வேலை. எழுத்து அப்படியே இருக்கும், படிக்க முடியாதபடி கட்டப்பட்டிருக்கும்.

அக்காவுக்கு இரண்டில் எது என்று அந்த முதல் ரிப்போர்ட் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வேறொரு இடத்தில் ஒரு இளம் டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். ஸ்லைடின் படத்தைத் தன் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினார். நல்ல செல்களில் நடுப்புள்ளி பழுப்பாக இருந்தது, புரதம் இருக்கிறது என்று அர்த்தம். கட்டியின் செல்களில் வெறும் நீலம். "இன்னொரு டெஸ்ட் எடுக்காம யாரும் பரம்பரைன்னு சொல்லக் கூடாதுங்க ஐயா" என்றார். கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை, தீப்பெட்டியைவிடச் சின்னது, ஒரு கவரில் போட்டு நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பி-ராஃப் என்ற மரபணுவில் கட்டிக்குள் மட்டும் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அது லிஞ்ச் இல்லை என்று ஏறத்தாழ உறுதி. எம்.எல்.எச்.1-இல் மெத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டுமே இருந்தன. அக்காவுடையது பரம்பரை இல்லை.

அந்த ஆறு வாரத்தில் அந்த வரன் போயே போய்விட்டது.

புற்றுநோய்க் கட்டி எதை எடுத்தாலும் உள்ளே மரபணு மாற்றம் இருக்கும். ஏ.பி.சி., கே-ராஸ், டி.பி.53 என்று மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி பல வருடங்களில் புற்றாக மாறுவதை 1990-லேயே ஃபியரான், வோகல்ஸ்டைன் இருவரும் விளக்கிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாளில், அந்தக் கட்டிக்குள் மட்டும் நேர்பவை. பெருங்குடல் புற்றுநோயாளிகள் நூறு பேரில் லிஞ்ச் உள்ளவர்கள் மூன்று பேர் அளவுக்குத்தான்.

ஆனால் அந்த மூன்று பேரின் குடும்பம் மறைக்கக் கூடாது. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1895-இல் அமெரிக்காவில் ஒரு தையல்காரப் பெண், தன் வீட்டில் குடல், வயிறு, கர்ப்பப்பைப் புற்றிலேயே பலர் இறந்ததாகவும் தானும் அப்படித்தான் போவாள் என்றும் வார்தின் என்ற பேராசிரியரிடம் சொன்னாள். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தாள். அவள் வாய்விட்டுச் சொன்னதால் அவர் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைச் சேகரித்து 1913-இல் வெளியிட்டார். இன்று அந்த மாதிரிக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டால், பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். ஐம்பதுக்குள் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தால், அல்லது ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி அந்த நாலு புரத டெஸ்ட்டைக் கேட்க வேண்டும். சிகிச்சைக்கும் அது உதவும். திருத்தும் புரதம் இல்லாத கட்டிகளுக்கு, உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன.

பரம்பரை இல்லை என்று வந்த பிறகும் நான் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டேன். கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் நமக்கும் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு என்று அந்த டாக்டரே சொன்னார். முதல் நாள் ராத்திரி குடிக்கக் கொடுக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான் கஷ்டம். மற்றபடி ஒன்றுமில்லை. ஒரு சின்ன பாலிப்பை எடுத்தார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். இனி இதைப் பற்றி எழுதும்போது, பெற்றோரிடமிருந்து வந்தது என்றால் 'பிறவி மரபணு மாற்றம்' என்றும், மற்றதைக் 'கட்டியில் மட்டும் ஏற்பட்ட மாற்றம்' என்றும் பிரித்துப் போடுங்கள். இரண்டு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான். அடுத்த இதழிலேயே ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக வந்தாலும் சரி. வெட்டியெடுத்துச் சோழவந்தானுக்குக் கொண்டுபோக வேண்டும். பேத்திக்கு மறுபடி வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தெற்குவாசல், மதுரை.