தம்பிக்கு, குமுழமுனையிலையிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ, மருமகள், சின்னவள் எல்லாரும் சுகமா இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டிக்கொள்ளுறன். போனிலை சொல்லலாம்தானே, ஏன் கடிதம் எண்டு நினைப்பாய். போனிலை கதைக்கேக்கை அம்மா பக்கத்திலை நிக்கிறா. நீயும் "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டு வைச்சிடுவாய்.

காலபோகத்துக்கு விதைச்சாச்சு. மழை பிந்தித்தான் வந்தது. தண்ணிமுறிப்புப் பக்கம் யானை இறங்குதெண்டு பெடியள் இரவிலை பந்தம் கொளுத்திக்கொண்டு திரியிறாங்கள். எங்கடை வயலுக்கு இன்னும் வரேல்லை. அம்மா கொட்டிலுக்குப் போறதை விடேல்லை. முழங்கால் வீங்கியிருக்கு, சொன்னாலும் கேக்கமாட்டா. மற்ற விசயமெல்லாம் பிறகு எழுதுறன்.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பெடியன் போனைக் கொண்டு ஓடி வந்தான். "ஐயா, அண்ணையைப் பாருங்கோ" எண்டான். நீ புல்லிலை குப்புறப் படுத்திருக்கிறாய். காதிலை அடைப்பான். முன்னுக்கு ரெண்டு காலிலை துவக்கு நிக்குது, அதுக்கு மேலை என்ரை முழங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடி. கன்னத்தைக் கட்டையிலை வைச்சிருக்கிறாய். ஆனால் ஒரு கண்ணையும் மூடேல்லை. அப்பப்பாவும் மூடுறேல்லை. ஒற்றைக் கண்ணைப் பொத்தினால் மற்றக் கண் களைச்சுப்போம் எண்டு சொல்லுவார். உனக்கு அதை ஆர் சொல்லித் தந்தது? நீ பிறக்க முந்தியே அவர் போட்டாரே.

தம்பி, அந்தப் படத்தை எடுத்துப்போடு. உங்கை அது விளையாட்டு. இஞ்சை அதை அப்பிடிப் பாக்கமாட்டினம். எந்த ஊர், எந்த வருசம் வெளியிலை வந்த பெடியன் எண்டுதான் முதல் பாப்பினம். போன மாதம் மோட்டச்சைக்கிளிலை ரெண்டு பேர் வந்து, ஆர் ஆர் எங்கை இருக்கினம் எண்டு எழுதிக்கொண்டு போனவை. அது வேறை அலுவலா இருக்கலாம். சித்திரைக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறாய். கட்டுநாயக்காவிலை இறங்கேக்கை உன்ரை பேரைத் தட்டினால் அந்தப் படம் வரக்கூடாது. எடுத்துப்போடு.

துவக்கு வாங்கினதுக்குப் பேசுறன் எண்டு நினைக்காதை. ஆவணியிலை ஒரு நாள் நீ ஒரு மணித்தியாலத்துக்கு மேலை கதைச்சாய். கலியாணத்துக்குப் பிறகு நீ என்னோடை அவ்வளவு நேரம் கதைச்சது அண்டைக்குத்தான். பின்லாந்திலை 1921இலை தொடங்கின சாக்கோ எண்ட கம்பனியின்ரை துவக்கு எண்டாய். ஒவ்வொரு வெடிக்கும் கையாலை போல்டை, அதுதான் தோட்டாவை உள்ளுக்குத் தள்ளிப் பூட்டுற இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ளவேணும், தானா அடிக்காது எண்டாய். 2020 மேயிலை கனடாவிலை 1500 வகைத் துவக்கைத் தடை செய்தவை, உன்னுடையது அதுக்குள்ளை இல்லை எண்டும் சொன்னாய். நான் எல்லாத்தையும் அண்டிரவே கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன்.

ஒட்டாவாவுக்குக் கிட்ட கொனோட் எண்ட சுடுவெளியிலை 1000 யார் தள்ளிச் சுடுறது. எங்கடை மீற்றரிலை 914. எங்கடை படலையிலையிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரமோ அவ்வளவு. அங்கை சோத்துக் கோப்பையளவு வட்டம், பத்து அங்குலம். சன்னம் போய்ச் சேர ஒன்றரைச் செக்கனுக்கு மேலை செல்லுமாம், அதுக்குள்ளை இருபத்தைஞ்சு அடிக்கு மேலை பதிஞ்சு போடுமாம். குறுக்குக் காத்து மணிக்குப் பத்து மைல் அடிச்சால் ஆறடி விலத்திப் போகுமாம். அப்ப நீ வட்டத்தைப் பாத்தோ சுடுறாய்? வட்டமில்லாத இடத்தைப் பாத்தெல்லோ சுடுறாய் எண்டு கேட்டன். நீ சிரிச்சாய். அந்தச் சிரிப்பையும் எழுதி வைக்க வழி இருந்தால் எழுதியிருப்பன்.

காத்து உனக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்? கச்சான் அடிக்கிற நாளிலை வயல்வெளியைப் பாத்தால் கானல் ஒரு பக்கமா ஓடும், ஓயேக்கை நேரை மேலை கொதிக்கும். நீங்கள் கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறதும் அந்தக் கானலைத்தான் எண்டாய். வெள்ளைக்காரன் அதைப் படிப்பிக்கிறானாம். உனக்கு ஏழு வயசிலை வரம்பிலை வைச்சு நான் காட்டினது. அப்பப்பாவின்ரை இடியன் துவக்கு முப்பது யார் போனாலே பெரிசு. வெடிமருந்தை உள்ளங்கையிலை கொட்டிப் பாத்துத்தான் போடுவார். நீ ஒரு இறாத்தலை 7000 ஆப் பிரிச்சு, அதிலை ஒண்டு கூடக் குறையாமல் நிறுக்கிறாய். அந்தாள் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பார்.

ஆனால் காசு தம்பி. துவக்கு ஒரு விலை, கண்ணாடி அதேயளவு விலை. எல்லாம் சேத்தால் இஞ்சை ஒரு லான்மாஸ்ரர் உழவு மிசின். சின்னவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போறேல்லையாம், கூட்டிக்கொண்டு போக ஆளில்லையாம். சனிக்கிழமையிலை நீ எங்கை? ஒட்டாவா ரோட்டிலை. எழுதியிருக்கக்கூடாது, எழுதிப்போட்டன், வெட்டேல்லை.

மருமகள் போன் எடுத்தவள். அவளைப் பேசாதை, அவள் ஒண்டும் முறைப்பாடு சொல்லேல்லை. "மாமா, அவருக்கு அங்கை இருக்கேக்கையும் நித்திரை வாறேல்லையோ" எண்டு மட்டும்தான் கேட்டவள். இரவு ரெண்டு மணிக்கும் கீழ் அறையிலை லைற் எரியுதாம், தராசும் வெடிமருந்தும் வைச்சுக்கொண்டு இருக்கிறியாம். நிறுக்கிறது நல்ல பழக்கம்தானே பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். வைச்ச பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

நீ சத்தத்துக்குப் பயந்தனியெல்லே. ஊருக்குத் திரும்பி வந்த முதல் தீபாவளிக்கு ஆரோ வெடி கொளுத்த, பதினேழு வயசுப் பெடியன், வாங்குக்குக் கீழை போய்ப் படுத்தாய். இப்ப நீயே அந்தச் சத்தத்தைப் போடுறாய், எப்ப வருமெண்டு உனக்கு முதலே தெரியும். அதுக்குத்தானோ துவக்கு வாங்கினாய் எண்டு யோசிச்சன். அப்பிடியெண்டால் எனக்கு விளங்குது.

உங்கடை சட்டத்திலை துவக்கை வெறுமையா, பூட்டித்தான் வைக்கவேணுமாம். இல்லாட்டி போல்டைக் கழற்றி வைக்கவேணுமாம். நீ பூட்டு. பூட்டினாலும் போல்டைக் கழற்று. கழற்றி மருமகளிட்டைக் குடுத்து வை. போல்ட் இல்லாத துவக்கு உலக்கைதானே. ஒட்டாவாவுக்குப் போற அண்டைக்குக் கேட்டு வாங்கு, வந்த உடனை திருப்பிக் குடு. சின்னவள் வளருறாள், அதுக்குத்தான் சொல்லுறன்.

லைசென்ஸ் எடுக்க முந்தி 28 நாள் காக்க வைப்பினமாம், பெண்சாதிக்கும் அறிவிப்பினமாம். நல்ல சட்டம். அந்தப் படிவத்திலை மனசைப் பற்றியும் கேள்வி இருக்காம். அதுக்கு நீ என்ன எழுதினாய் எண்டு நான் கேக்கேல்லை. என்னட்டை அப்பிடி ஒரு படிவம் ஆரும் தந்திருந்தால் நானும் "இல்லை" எண்டுதான் போட்டிருப்பன்.

சின்னவளுக்காகச் சொல்லேல்லை தம்பி.

தறப்பாள் கொட்டிலிலை நாங்கள் இருக்கேக்கை, ஒரு இரவு நீ எழும்பிக் கிணத்தடிக்கு வந்தாய். நான் கிணத்துக் கட்டிலை இருந்தன். "என்னப்பா செய்யிறியள்" எண்டு கேட்டாய். தண்ணி அள்ள வந்தனான் எண்டன். நீ ஒண்டும் சொல்லாமல் பக்கத்திலை வந்து இருந்தாய், விடியும் மட்டும் இருந்தாய். என்ரை கையிலை வாளி இருக்கேல்லை. நீ அதைக் கண்டனி. நீ கண்டதை நானும் கண்டனான். இத்தினை வருசமா ரெண்டு பேரும் அதைக் கதைக்கேல்லை.

அண்ணாவை நான்தான் போ எண்டு சொன்னனான் எண்டு அம்மா நினைக்கிறா. நான் சொல்லேல்லை. போகாதை எண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் வாயைத் திறக்கேல்லை, அதுதான் அந்த இரவு கிணத்தடியிலை என்னோடை இருந்தது. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை, டொக்டரிட்டையும் போகேல்லை. அப்ப எங்களுக்கு அப்பிடிப் போகவேணும் எண்டு தெரியாது. உங்கை இருக்கினம். தமிழிலை கதைக்கிற ஆக்களும் இருப்பினம். நீ போகவேணும். துவக்கை வித்துப்போடு எண்டு நான் சொல்லேல்லை. போல்டைக் குடுத்துப்போட்டுப் போ.

நீ வந்து பக்கத்திலை இருந்தது போதும் எனக்கு. நீ கேள்வி கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பன். அதைப்போலை நானும் கேக்காமல் பக்கத்திலை இருக்கலாம் எண்டுதான் பாத்தன். எனக்கு உங்கை வர வழியில்லையே.

இனி ஞாயிறு காலமை ஏழு மணிக்கு நான் எடுப்பன். உங்கை சனி இரவு. அந்த நேரம் அம்மா கோயிலுக்குப் போயிடுவா. துவக்கைப் பற்றியே கதை, வேறையொண்டும் கதைக்கத் தேவையில்லை. எஃப் கிளாஸ் எண்டு ஒரு போட்டி சொன்னியே, ஜோர்ஜ் ஃபார்குவர்சன் எண்ட கனடாக் கிழவன்ரை பேரிலை வந்த எழுத்தெண்டு. வயசுபோனவையும் துவக்கைத் தாங்கியிலை வைச்சுப் படுத்திருந்து சுடலாமாம். அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லு. காத்து எந்தப் பக்கத்தாலை வந்தது, நீ எவ்வளவு விலத்தி வைச்சாய் எண்டு சொல்லு. கொப்பியிலை இன்னும் இடம் இருக்கு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. பதில் எழுதினால் பக்கத்து வீட்டு விலாசத்துக்கு எழுது. அந்தப் படத்தை எடுத்துப்போடு எண்டனெல்லே, எடுக்க முந்தி பெடியன்ரை போனுக்கு ஒருக்கா அனுப்பிவிடு. முள்ளியவளையிலை குடுத்துக் கழுவி வைச்சுக்கொள்ளுறன்.