பிரிக்காத உறை

செழியனுக்கு,

நீ சொன்ன படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பார்த்தாயா என்று நீ போனில் கேட்டபோது அப்பா பக்கத்திலேயே நின்றார். அதனால்தான் "ம்" என்றேன்.

1980-களின் கடைசியில் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த 'டெக்கலாக்' என்ற பத்துப் பட வரிசையில் நான்காவது. அப்பா, மகள், முறை தவறிய ஆசை என்று நீ சொல்லியிருந்ததால் பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். ஈஸ்டர் திங்கள்கிழமை. ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். ஆன்கா பிறந்த சில நாளிலேயே தாய் போய்விட்டாள், வளர்த்தது மிஹாவ். 'என் மரணத்துக்குப் பிறகு பிரிக்கவும்' என்று அவர் எழுதிவைத்த உறை மகள் கையில் சிக்குகிறது. உள்ளே இன்னோர் உறை, அம்மா கையெழுத்தில்.

விமான நிலையத்தில் அவர் வந்து இறங்கியதும் கடிதத்தை ஒப்பிக்கிறாள்: மிஹாவ் உன் அப்பா இல்லை. அவர் அறைகிறார். அன்றிரவு அந்த வீட்டில் நடக்கும் பேச்சை உட்கார்ந்து பார்க்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவள் சட்டையைக் கழற்ற, அவர் மூடிவிடுகிறார். ஆனால் தன் மனதில் ஒன்றுமில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை, கவனித்தாயா? காலையில் அவர் பால் வாங்கப் போனதை, விட்டுவிட்டே போகிறார் என்று நினைத்து ஓடுகிறாள். அப்போதுதான் உண்மை வருகிறது: உள்ளுறையை அவள் பிரிக்கவே இல்லை, சொன்னதெல்லாம் கட்டியது. இருவருமாக அதை எரிக்கிறார்கள். மிஞ்சிய துண்டில் 'மிஹாவ்...' என்று தொடங்கும் வரி பாதியில் கருகியிருக்கிறது.

2012-ல் ஃபிலிப் மார்ச்செவ்ஸ்கி எடுத்த அக்கா-தம்பி படத்தையும் பார்த்தேன் ('வெட்கமில்லாமல்' என்று பெயர்). அங்கேயும் ஒரு ஆன்கா! ஆனால் நவநாஜிக் கும்பல், ரோமா என்கிற ஜிப்ஸி இனப் பெண் என்று வெளியிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இரண்டு பேரை ஒரு அறையில் விட்டிருக்கலாம்.

உன் பெரிய பாட்டி தாய்மாமனைத்தான் கட்டினாள். போலந்தில் உன் கூட்டாளிகளிடம் சொல்லிப் பார், முகம் சுளிப்பார்கள். நமக்கு 'மாமா' என்ற சொல்லே அனுமதிச் சீட்டு. 'சித்தப்பா' என்றால் நினைக்கக்கூட முடியாது. ஆன்காவும் 'அப்பா' என்ற சொல்லைத்தான் நகர்த்திப் பார்க்கிறாள். ரத்தம் யாருடையது என்பது அந்த உறைக்குள்ளேயே எரிந்துபோகட்டும் என்று கீஸ்லோவ்ஸ்கி விட்டாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம். நீயும் எழுதுகிற உன் கதையில் உறையைப் பிரிக்காதே.

அப்புறம், அங்கே ஈஸ்டர் திங்கள் அன்று தெருவில் போகிறவர்கள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்களாமே. ஸ்வெட்டர் நனைந்தால் உடனே மாற்று. உனக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் போகாது.

அம்மா