வலியைக் காட்டும் படங்களுக்கும் உங்கள் அணிகளின் பெயரைக் கொடுங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகான என்.எஃப்.எல்.லின் ஆணையர் ராஜர் குடெல் அவர்களுக்கும் 32 அணிகளின் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி வந்த படங்களில் நான் மிகவும் மதிப்பது, டெட் காட்செஃப் 1979இல் இயக்கிய 'நார்த் டல்லஸ் ஃபார்ட்டி'. மைதானத்தில் அல்ல, படுக்கையில் தொடங்குகிறது அந்தப் படம். நிக் நோல்டி நடித்த ஃபில் எலியட் கண் விழிக்கிறான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் தலையணையில். முந்தைய ஆட்டத்தில் வாங்கிய அடிகள் உடம்பெங்கும் இறங்கியிருக்கின்றன. நிமிர்ந்து நடக்க முடியாமல் மாத்திரைகளைத் தேடிப் போகிறான். கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு வீரனுக்கு மிஞ்சுவது என்ன என்பதை அந்தச் சில நிமிடங்களே சொல்லிவிடுகின்றன.

டெல்மா ஹடில் என்ற இன்னொரு வீரன் வலிமறக்கும் ஊசி வேண்டாம் என்கிறான். பிறகு நெருக்கடிக்குப் பணிந்து போட்டுக்கொள்கிறான். மரத்துப்போன காலுடன் ஓடுகிறான். ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுகிறான். இந்தக் காட்சியை என்னால் இன்றும் பதறாமல் பார்க்க முடிவதில்லை.

1964 முதல் 1968 வரை டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் ஆடிய பீட்டர் ஜென்ட்டின் நாவல்தான் இதற்கு மூலம். ஆனால் திரையில் வருவதோ 'நார்த் டல்லஸ் புல்ஸ்' என்ற கற்பனை அணி. இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல், ஆலிவர் ஸ்டோன் 'எனி கிவன் சண்டே' எடுத்தபோதும் உங்கள் அணிப் பெயர்களும் சின்னங்களும் அவருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் லீகின் ஜாம்பவான்களான லாரன்ஸ் டெய்லரும் ஜிம் பிரவுனும் 'மயாமி ஷார்க்ஸ்' என்ற கற்பனை அணிக்காரர்களாக நடித்தார்கள். உங்கள் ஆட்டங்களையும் ஒளிபரப்பும் இ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி 2003இல் காட்டிய 'பிளேமேக்கர்ஸ்' என்ற கால்பந்து வீரர்களைப் பற்றிய தொடர், உங்கள் எதிர்ப்புக்குப் பிறகு ஒரே பருவத்தோடு நின்றுபோனது.

அதே நீங்கள் 2014இல் 'டிராஃப்ட் டே' படத்துக்குக் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் என்ற பெயரையே தந்தீர்கள். ஆணையர் அவர்களே, அதில் நீங்கள் நீங்களாகவே தோன்றினீர்கள். பேரமும் வெற்றியும் நிறைந்த கதைக்குத் திறக்கும் கதவு, காயத்தின் கதைக்கு மட்டும் ஏன் சாத்தப்பட வேண்டும்?

திரைக்காரர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பீர்கள். உண்மைதான். ஸ்டோனின் படத்தில் மைதானத்தில் கண்விழி பிதுங்கிக் கிடக்கும் காட்சி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்த பிறகு அவரது மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு கண்ட சிதைவு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளை நோய், மிகையல்ல. இந்த ஆட்டத்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்புண்டு என்று உங்கள் உயர் அதிகாரி வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆனது. அதுவரை வெப்ஸ்டரைப் போன்றவர்களின் குடும்பங்கள் தனியாகவே போராடின.

என் கோரிக்கை இதுதான். இனி ஓர் இயக்குநர் இத்தகைய கதையோடு வந்தால், உண்மையான அணிப் பெயரையும் சீருடையையும் பழைய ஆட்டப் பதிவுகளையும் நியாயமான கட்டணத்தில் கொடுங்கள். திரைக்கதையில் கை வைக்கும் நிபந்தனை வேண்டாம். ஒளிபரப்பு ஒப்பந்தத்தைக் காட்டித் தொலைக்காட்சிகளை மிரட்டவும் வேண்டாம். இந்த உறுதியை அடுத்த பருவம் தொடங்குமுன் எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தையும் அதை ஆடுபவர்களையும் நேசிக்கும் ரசிகன்