மாத்தி மாத்தி சொல்றவங்கள எப்படி நம்புறது?

டேய் மச்சான்,

உன் மெயில் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, அப்பா உடம்பு விஷயமா அலைஞ்சதுல பதில் போட முடியலடா. யாரோ அனுப்பின வீடியோவ பாத்துட்டு பிரஷர் மாத்திரைய அவரா நிறுத்திட்டாரு, எங்க யார்கிட்டயும் சொல்லவும் இல்ல, ஒரு நாள் காலைல பிரஷர் ஏகத்துக்கும் ஏறி தலை சுத்தி விழுந்துட்டாரு. பெரிய அடி இல்ல, இப்ப பரவால்ல. உன் பொண்ணு பிஎச்டி சேந்தது கேட்டு ரொம்ப சந்தோஷம், நான் சொன்னேன்னு சொல்லு.

நீ கேட்டது மனசுலயே கெடக்கு. எக்ஸ்பர்ட்டுங்களே மாத்தி மாத்தி சொன்னா எவனத்தான் நம்புறதுன்னு. 2020ல உலக சுகாதார நிறுவனம் மொதல்ல எல்லாருக்கும் மாஸ்க் தேவையில்லன்னுச்சு, ஜூன்ல போடுங்கன்னுச்சு, உனக்கு வந்த கோவம் எனக்கும் வந்துச்சு. ஆனா அப்பா பாத்த வீடியோவ நான் முழுசா பாத்தேன்டா, அந்தாளு ஒரு எடத்துல கூட இது எனக்கு சரியா தெரியலன்னு சொல்லல. எனக்கு அதான் பயமா இருக்கு.

பிரான்சிஸ் கெல்சின்னு ஒரு அம்மா. 1960ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறைல சேந்து ஒரு மாசம்தான் இருக்கும், தாலிடோமைடுன்னு ஒரு தூக்க மருந்துக்கு அனுமதி கேட்டு ஃபைல் வருது. ஏற்கனவே பல நாட்டுல வித்துட்டு இருந்த மருந்து, கம்பெனிக்காரங்க திரும்ப திரும்ப வந்து நெருக்குறாங்க, அவங்க அசையல. இது ஆபத்துன்னு அவங்களுக்கும் அப்ப தெரியாதுடா, நீங்க குடுத்த ஆதாரம் பத்தாது, இன்னும் கொண்டாங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. அப்புறம் அந்த மருந்தால நரம்பு பாதிக்குதுன்னு பிரிட்டன்ல ஒரு டாக்டர் எழுதின லெட்டர பாத்துட்டு, அப்ப மாசமா இருக்குறவங்க இத சாப்ட்டா வயித்துல இருக்குற கொழந்தைக்கு என்ன ஆகும்னு கேட்டாங்க. 1961 கடைசில ஜெர்மனில மருந்த வாபஸ் வாங்குறதுக்குள்ள உலகம் முழுக்க பத்தாயிரம் கொழந்தைங்களுக்கு பாதிப்பு, நெறைய பேருக்கு கை காலே சரியா வளரல. அமெரிக்கால டாக்டருங்க கைல சாம்பிளா போனதுல சில கொழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க, ஆனா அப்ப அது அங்க கடைக்கே வரல. தெரியாதத தெரியாதுன்னு சொல்லி ஒருத்தங்க பிடிவாதமா நின்னதுதான் காரணம்.

டிகிரி இருந்தா போதும்னு சொல்ல வரல. 1998ல வேக்ஃபீல்டுன்னு டாக்டர் ஒருத்தர் வெறும் 12 கொழந்தைங்கள வெச்சு தடுப்பூசியால ஆட்டிசம் வருமோன்னு பயத்த கெளப்புனாரு, லான்செட்ங்கற பெரிய மருத்துவ பத்திரிகைலயே வந்துச்சு, அத அவங்க முழுசா வாபஸ் வாங்க 2010 ஆயிடுச்சு. பன்னெண்டு வருஷம் ரொம்ப ரொம்ப லேட்டுடா, அந்த பயம் இன்னும் போகல. ஆனா தப்புன்னு காட்டுனதும் லட்சக்கணக்கான கொழந்தைங்கள வெச்சு பண்ண மத்த ஆராய்ச்சியும், ஒரு பத்திரிகைக்காரர் வருஷக்கணக்கா தோண்டுனதும்தான்.

இன்னொன்னு சொல்லணும். அப்பாவ பாக்குற டாக்டர் மூணு நிமிஷத்துல சீட்டு எழுதி அனுப்பிடுவாரு, அந்த வீடியோக்காரன் இருபது நிமிஷம் அப்பாவுக்கு புரியற மாதிரி பொறுமையா பேசுறான். அப்பா யார நம்புவாரு சொல்லு? விழுந்ததுக்கு அப்புறம் வேற ஒரு டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து இந்த மாத்திரை உள்ள என்ன செய்யுது, நிறுத்தினா ஏன் ஏறுதுன்னு படம் போட்டு காட்டுனாங்க, அதுலேந்து நான் ஞாபகப்படுத்தாமலே போட்டுக்குறாரு. அடுத்த தடவ போறப்ப கேக்கணும்னு ஒரு நோட்டுல ஏழு கேள்வி எழுதி வெச்சிருக்காரு, ரெண்டு கேள்விக்கு எனக்கும் பதில் தெரியல, உன் பொண்ணுகிட்ட கேட்டு சொல்றியா?