உப்பு மட்டுமா குற்றவாளி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர இரும்பு துருப்பிடித்தால் உப்பைத்தான் திட்டுகிறோம். பழங்காநத்தத்தில் முப்பது வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன மாதம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து மச்சான் ஒரு படகின் அடித்தகடைக் கொண்டுவந்தார். ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினால் செந்துரு இல்லை; மை மாதிரி கறுப்பு, கூடவே அழுகின முட்டை நாற்றம். பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்தே போய்விட்டார்! துடைத்துப் பார்த்தால் கிண்ணம் கிண்ணமாகக் குழி. மற்ற இடமெல்லாம் கெட்டி.

பாக்டீரியா வேலை அது. சிப்பிக்கும் சேற்றுக்கும் அடியில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், சில பாக்டீரியாக்கள் கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்தைக் கொண்டே சுவாசிக்கின்றன. லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறதே, பஞ்சமா என்ன? அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் அந்த முட்டை நாற்றம்; அதுவே இரும்போடு சேர்ந்து அந்தக் கறுப்பாகிறது. மண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் அரிப்பதற்கு 1934-லேயே டச்சு ஆய்வாளர்கள் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள்.

சுரண்டாமல் மேலாகப் பெயிண்ட் அடிப்பது வீண். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்திலேயே, காரைக்குடியில் இருக்கிறது. படகுக்காரர்களுக்கும் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும் அங்கே ஒருநாள் பயிற்சி நடத்தினால் முதல் ஆளாக வருவேன்.

– வெல்டிங் பட்டறைக்காரர், பழங்காநத்தம், மதுரை